2013இல் ஈரானைப் பேச வைத்த தடைகள் 2018க்குப் பிறகு ஏன் பலிக்கவில்லை?

எண்ணூரான் | 12 அக்டோபர் 2025

வணக்கம். அணுத்திட்டத்துக்காக ஈரான் மீது விதிக்கப்பட்டிருந்த ஐ.நா. தடைகள் கடந்த மாத இறுதியில் மீண்டும் நடைமுறைக்கு வந்துவிட்டதாகப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. சென்னையை அடுத்த மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த நிறுவனத்தில் ஈரானிய அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பங்கு இருக்கிறது. அதனால் ஈரான் பற்றிய செய்தி எங்கள் வீட்டில் என்றுமே வெளியூர்ச் செய்தியாக இருந்ததில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. 2012இல், நாடுகளுக்கிடையே வங்கிகள் பணப்பரிமாற்றத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து ஈரானிய வங்கிகள் துண்டிக்கப்பட்டன, அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது, ஈரானிய நாணயமான ரியால் சரிந்தது, வேறு வழியில்லாமல் டெஹ்ரான் இறங்கி வந்து, 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் அணுசக்தி ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தது. இது உண்மையென்றால், 2018 மே மாதம் டிரம்ப் ஒப்பந்தத்தை விட்டு விலகி, அதைவிடக் கடுமையான தடைகளை விதித்தபோது ஈரான் இன்னும் விரைவாக அல்லவா பணிந்திருக்க வேண்டும்? நடந்ததோ நேர்மாறு. 3.67 விழுக்காட்டில் கட்டுப்பட்டிருந்த யுரேனியச் செறிவூட்டல் 2021இல் 60 விழுக்காட்டுக்கு ஏறியது. நோயாளியும் அவரே, மருந்தும் அதுவே. முதல் முறை காய்ச்சல் தணிந்தது, இரண்டாம் முறை ஏறியது ஏன்? கட்சி கட்டாமல் விளக்கக்கூடியவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

வடகரை

நண்பர் எண்ணூரான் சொல்லும் கதையில் பொய் இல்லை, பாதி விடுபட்டிருக்கிறது. தடைகள் வலித்தன என்பதில் ஐயமில்லை. 2011இல் நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாயாக இருந்த ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி 2013இல் 11 லட்சமாகக் குறைந்தது. விற்ற எண்ணெய்க்கான பணத்தையும் ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. வாங்கிய நாட்டின் வங்கியிலேயே அது முடங்கிக் கிடந்தது. 2012 முதல் இந்தியா எண்ணெய் விலையில் 45 விழுக்காட்டை ரூபாயாக யூகோ வங்கியில் செலுத்தியது. அமெரிக்காவில் கிளையோ தொழிலோ இல்லாததால் அந்த வங்கியை வாஷிங்டனால் எளிதில் தண்டிக்க முடியாது என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அந்த ரூபாயைக் கொண்டு ஈரான் நம்மிடம் அரிசி, தேயிலை, மருந்து போன்றவற்றை வாங்கலாமே தவிர, வேறெங்கும் செலவழிக்க முடியாது. கையில் பணம் இருந்தும் கடைக்குப் போக முடியாத நிலை.

விடுபட்ட பாதி இனி. ரூஹானி அதிபராவதற்கு ஓராண்டு முன்னரே, கடும்போக்காளரான அகமதிநெஜாத் பதவியில் இருந்த காலத்தில், 2012 ஜூலையில் மஸ்கட்டில் அமெரிக்க அதிகாரிகளும் ஈரானிய அதிகாரிகளும் ஓமான் சுல்தானின் ஏற்பாட்டில் இரகசியமாகச் சந்தித்தார்கள். 2013 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துணை அமைச்சர் வில்லியம் பர்ன்ஸ் தலைமையில் நடந்த அடுத்த சந்திப்பில், கடுமையான கட்டுப்பாடுகளுக்கும் ஆய்வுக்கும் உட்பட்டு ஈரான் தன் மண்ணிலேயே ஓரளவு செறிவூட்டிக்கொள்வதைப் பற்றிப் பேசலாம் என்று அமெரிக்கத் தரப்பு முதன்முறையாகக் கோடிகாட்டியது. அதுவரை, யுரேனியத்தைச் செறிவூட்டும் ‘ஒரு மையவிலக்கு இயந்திரம்கூடச் சுழலக் கூடாது’ என்பதே வாஷிங்டனின் நிலைப்பாடு. 2003 முதல் 2005 வரை ஐரோப்பியர்களுடன் பேசியபோது ஈரானிடம் இருந்தவை சில நூறு இயந்திரங்கள்தாம். அப்போது ஈரான் செறிவூட்டலை நிறுத்தி வைத்துக்கூடப் பார்த்தது. அந்தச் சில நூறை அனுமதிக்க மறுத்ததன் விளைவு, 2013இல் நிறுவப்பட்டிருந்தவை ஏறத்தாழ 19,000. தடைகள் ஈரானைத் தளர்த்தியது போலவே இந்த எண்ணிக்கை அமெரிக்காவைத் தளர்த்தியது. இரு பக்கமும் விற்பதற்குச் சரக்கு இருந்ததால்தான் சந்தை கூடியது.

2018இல் என்ன இருந்தது? ஈரான் தன் சரக்கை முன்னரே ஒப்படைத்திருந்தது. 2015 டிசம்பரில் 11,000 கிலோவுக்கும் மேற்பட்ட குறைசெறிவு யுரேனியம் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது. அராக் கனநீர் அணு உலையின் மையக்கலனில் கான்கிரீட் ஊற்றப்பட்டது. நடான்ஸ் செறிவூட்டல் ஆலையில் ஓடும் இயந்திரங்கள் 5,060ஆகக் குறைந்தன. வாக்குறுதிகளை ஈரான் காப்பாற்றுகிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கைக்கு மேல் அறிக்கையாகச் சான்றளித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அமெரிக்கா வெளியேறியது. இரண்டு வாரம் கழித்து, மே 21 அன்று, வெளியுறவு அமைச்சர் பாம்பேயோ 12 நிபந்தனைகளைப் படித்தார்: செறிவூட்டலை அடியோடு நிறுத்துவது, சிரியாவிலிருந்து வெளியேறுவது, லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்புக்கு உதவியை நிறுத்துவது என்று பட்டியல் நீண்டது. முதல் பட்டாவுக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவரிடம் இரண்டாம் பட்டாவை நீட்டினால் அவர் முதலில் பார்ப்பது நிலத்தையா, விற்பவரின் முகத்தையா?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வியன்னா உடன்பாடு அமெரிக்க செனட் அங்கீகரித்த ஒப்பந்தம் அல்ல. அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் ஒபாமாவிடம் இல்லை. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 2015 மார்ச்சில், 47 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஈரானியத் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் இதை ரத்து செய்துவிட முடியும் என்று எச்சரித்திருந்தார்கள். அன்று பலர் அதை அநாகரிகம் என்றார்கள். நானும்தான். ஆனால் மூன்றே ஆண்டில் அது வரிக்கு வரி நடந்தது.

---

தராசுமுள்

அரசியலை வடகரை ஐயா சொல்லிவிட்டார். 3.67, 20, 60 என்ற எண்களைப் பலரும் பள்ளி மதிப்பெண்களைப் போல, 60 என்றால் குண்டுக்குரிய 90க்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு தூரம் பாக்கி என்பதாகப் படிக்கிறார்கள். அது தவறு, இந்த விவாதத்துக்கு அது முக்கியமான தவறும்கூட.

இயற்கை யுரேனியத்தில் 140 அணுக்களுக்கு ஒன்றுதான் 235 வகை. மற்ற 139உம் 238 வகை. முறத்தில் 140 மணிகளைக் கொட்டி, ஒரே ஒரு மணிக்காக மற்றவற்றைப் புடைத்துத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 115ஐத் தள்ளினால் மீதி 25. அவற்றில் ஒன்று நமக்கு வேண்டியது. அதுதான் 4 விழுக்காடு, மின் உலைக்குப் போதுமானது. இன்னும் 20ஐத் தள்ளினால் மீதி 5; அது 20 விழுக்காடு. அதன்பின் குண்டுக்குரிய செறிவுக்குத் தள்ள வேண்டியது நான்கே மணிகள். (இயந்திரங்களின் உழைப்பை இவ்வளவு நேராகக் கணக்கிட முடியாது என்று இயற்பியலாளர்கள் திருத்துவார்கள், திசை இதுதான்.) உழைப்பின் பெரும்பகுதி கீழ்ப்படிகளிலேயே தீர்ந்துவிடுகிறது என்பதால்தான் 2015 ஒப்பந்தம் 3.67 விழுக்காடு, 300 கிலோ என்று இரண்டு பூட்டுகளையும் கீழ்ப்படியிலேயே போட்டது. ஒரு குண்டுக்குத் தேவையான யுரேனியத்தைச் சேர்க்க இரண்டு மூன்று மாதம் போதும் என்றிருந்த கணக்கு அதனால் ஓராண்டாக நீண்டது.

எண்ணூரானின் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. தடை மெதுவாக வேலை செய்யும் கருவி. செறிவூட்டலோ ஏற ஏற வேகமெடுப்பது. அதோடு, கையிருப்பைக் கப்பலேற்றி அனுப்பலாம், கற்றுக்கொண்டதை அனுப்ப முடியாது. புதிய தலைமுறை இயந்திரங்களை ஓட்டிப் பழகிய பொறியாளரின் அனுபவத்தை எந்த உடன்பாடும் திரும்பப் பெறாது.

---

கொழும்புத் தேநீர்

எல்லோரும் தலைநகரங்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறவன். தடை நீங்கியது என்று அறிவிக்கப்பட்ட பின் என் மேசையில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

2016 ஜனவரி 16 அன்று தடைகள் நீங்கின. அந்த வருடமே பழைய ஈரானிய வாடிக்கையாளர் ஒருவர் எங்களிடம் ஒரு கொள்கலன் தேயிலை கேட்டார். தேயிலை உணவுப் பொருள். தடை இருந்த காலத்திலேயே அதற்கு விலக்கு உண்டு. விலைப்பட்டியலை டொலரில் போடாமல் யூரோவில் போட்டோம். கப்பல் சரக்குப் பட்டியல், தோற்றச் சான்றிதழ், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வங்கியிலிருந்து கட்டு அப்படியே திரும்பி வந்தது. சேரும் துறைமுகம் என்ற கட்டத்தில் ஈரானியத் துறைமுகமான ‘பந்தர் அப்பாஸ்’ என்று இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம். வேறு குறிப்பு எதுவும் இல்லை. நேரில் போய்க் கேட்டேன். சட்டப்படி தடை இல்லை என்பதை அந்த அதிகாரியும் ஒப்புக்கொண்டார். ஆனால் தங்கள் வங்கியின் டொலர் கணக்கு நியூயோர்க்கில் இருப்பதாகவும், ஒரு கொள்கலனின் தரகுக்காக அந்தக் கணக்கைப் பணயம் வைக்கத் தங்கள் மேலிடம் தயாராக இல்லை என்றும் மரியாதையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் பணம் துபாயில் உள்ள ஒரு நாணயமாற்று நிலையம் மூலமாக திர்ஹாமில் வந்தது: ஏழு மாதம் கழித்து, நடுவில் இருந்தவர்களின் கழிவு போக.

2018க்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. ஈரானிடம் முன்பு வாங்கிய மசகு (கச்சா) எண்ணெய்க்கு இலங்கை 251 மில்லியன் டொலர் கடன்பட்டிருந்தது. கொடுக்க மனம் இருந்தாலும் கொடுக்க வழியில்லை. 2021 டிசெம்பரில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்குப் போகும், இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் பணம் கிடைக்கும், அங்கே இறக்குமதியாளர் ரியாலில் கட்டுவார், எந்தப் பணமும் எல்லை தாண்டாது. அதுவும் 2023இல்தான் ஓடத் தொடங்கியது. எங்கள் பாட்டன்மார் நெல்லுக்கு உப்பு மாற்றிய முறைக்கு இரண்டு அரசாங்கங்கள் இத்தனை வருடம் எடுத்துக்கொண்டன.

---

துலாக்கோல்

மேலே எழுதியவர்களின் தகவல்களில் எனக்குப் பிணக்கு இல்லை. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்வதாகத்தான் தோன்றுகிறது. நம்பிக்கையை உடைத்தவர் அமெரிக்கர் மட்டும்தானா? நடான்ஸ் வளாகம் 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது ஈரான் சொல்லியா? கோம் நகருக்கு அருகே மலையைக் குடைந்து கட்டப்பட்ட ஃபோர்டோ செறிவூட்டல் ஆலையை 2009 செப்டம்பரில் பிட்ஸ்பர்கில் அமெரிக்க, பிரெஞ்சு, பிரிட்டிஷ் தலைவர்களான ஒபாமாவும் சர்கோசியும் பிரவுனும் அம்பலப்படுத்தப்போகிறார்கள் என்ற நிலை வந்த பிறகே ஈரான் முகமைக்குக் கடிதம் அனுப்பியது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை 1970இலேயே உறுதிசெய்த நாடு அது. அவ்வளவு காலம் மறைத்தவர்மீது சந்தேகம் வருவது இயல்பு.

அடுத்து, 2018க்குப் பிந்தைய தடைகள் பலிக்கவில்லை என்பதும் அவசரத் தீர்ப்பு. எண்ணெய் ஏற்றுமதி நாளொன்றுக்கு 5 லட்சம் பீப்பாய்க்கும் கீழே போனது. 2019 நவம்பரில் பெட்ரோல் விலையை உயர்த்தியதும் நாடெங்கும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு ரத்தம் சிந்தித்தான் அதை அடக்கியது. 2021 ஏப்ரலில் ஈரான் மறுபடி வியன்னாவுக்கு வந்து பேசியது. அழுத்தம் முழுமை பெறாததற்குக் காரணம், ஈரானிய எண்ணெயைத் தள்ளுபடி விலையில், ஊர் பேர் மாற்றி, பிறகு சீனா வாங்கத் தொடங்கியது. 2012இல் சீனாவும் ரஷ்யாவும் பாதுகாப்பு அவைத் தீர்மானங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தன. 2018இல் அமெரிக்கா தனியாக நின்றது. ஓட்டைப் பானையில் நீர் நிற்கவில்லை என்றால் குறை நீரிலா, பானையிலா?

---

வடகரை

துலாக்கோல் அவர்களின் இரண்டு குறிப்புகளும் நியாயமானவை. ஃபோர்டோவை மறைத்ததை நான் எழுதாமல் விட்டது என் தவறு. சீனா பற்றிச் சொன்னதையும் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அமெரிக்கா தனியாக நின்றது ஏன்? கூட்டாளிகள் எல்லோரும் காப்பாற்றிக்கொண்டிருந்த உடன்பாட்டை அது தானே உடைத்ததால் அல்லவா? பானையில் ஓட்டை போட்டது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

என் மனத்தில் இருக்கும் வாதம் கொழும்பு நண்பரின் பென்சில் வட்டத்தில் இருக்கிறது. தடையைப் போடுவது அரசு. அதை நடைமுறைப்படுத்துவது பயம். 2014இல் பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களுக்காக அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தத் தொகையைப் பார்த்த எந்த வங்கிக்கும் அரசாணை ரத்தானதும் பயம் ரத்தாகிவிடாது. 2016 மே மாதம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி லண்டனுக்கே போய் ஐரோப்பிய வங்கியாளர்களை உட்காரவைத்து, ஈரானுடன் முறையான தொழில் செய்யலாம், அஞ்ச வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார். எச்எஸ்பிசி வங்கியின் தலைமைச் சட்ட அதிகாரி அதற்கு உடன்படாமல் பத்திரிகையிலேயே கட்டுரை எழுதினார். அவர் யார் தெரியுமா? ஸ்டூவர்ட் லீவி: அமெரிக்க நிதித்துறையில் இருந்தபோது ஈரான் மீதான இதே வங்கித் தடைகளை வடிவமைத்தவர். கட்டிய சிற்பியே அந்தக் கோட்டைக்குள் நுழைய மறுத்தார்! அதற்கு முந்தைய மாதம்தான் ஈரானிய மத்திய வங்கி ஆளுநர் சைஃப், ஒப்பந்தத்தால் தங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று வாஷிங்டனிலேயே முறையிட்டிருந்தார். எண்ணெய் விற்பனை மீண்டிருந்தது என்பதால் அது மிகைதான். ஆனால் வங்கிகளைப் பொறுத்தவரை மிகையில்லை.

ஈரானுக்கு முன்பே வடகொரியாவில் இந்தப் பாடம் கிடைத்திருந்தது. 2005 செப்டம்பரில் சீனாவின் மக்காவ் நகரில் உள்ள பாங்கோ டெல்டா ஆசியா என்ற சிறு வங்கியை அமெரிக்க நிதித்துறை கறுப்புப் புள்ளியிட, அங்கே இருந்த 2.5 கோடி டாலர் வடகொரியப் பணம் முடக்கப்பட்டது. பெரிய தொகையே அல்ல. ஆனால் அதே செப்டம்பரில் எட்டப்பட்ட, வடகொரியா அணுத்திட்டத்தைக் கைவிட ஒப்புக்கொண்ட ஆறு தரப்புக் கூட்டறிக்கை அத்தோடு நின்றுபோனது. 2006 அக்டோபரில் பியோங்யாங் முதல் அணுகுண்டைச் சோதித்தது. 2007 பிப்ரவரியில் மறுபடி உடன்பாடு வந்து, பணத்தைத் திருப்பித்தர அமெரிக்காவே சம்மதித்தபோது, அதைத் தொட உலகில் ஒரு தனியார் வங்கியும் முன்வரவில்லை. கடைசியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியே வாங்கி, ரஷ்ய மத்திய வங்கி வழியாகத் தூரக்கிழக்கில் உள்ள ஒரு ரஷ்ய வங்கிக்கு அனுப்பியது. அதற்கு ஜூன் ஆகிவிட்டது. வடகொரியாவின் யோங்பியோன் அணு உலையை மூட வேண்டிய 60 நாள் கெடு அதற்குள் எப்போதோ கடந்திருந்தது; பணம் போய்ச் சேர்ந்த பிறகு, ஜூலையில்தான் உலை நிறுத்தப்பட்டது.

ஆகவே எண்ணூரானுக்கு என் பதில்: பேச்சில் தடையின் விலை, அதை விலக்கத் தயாராகவும் வல்லவராகவும் இருப்பவரின் சொல்லுக்கு உள்ள விலைதான். 2013இல் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 2018க்குப் பிறகு இல்லை. 2021-22 பேச்சுகளில் ஈரான் திரும்பத் திரும்பக் கேட்டது, அடுத்து வரும் அதிபர் விலகமாட்டார் என்ற உத்தரவாதம். பைடனால் அதைச் சட்டப்படி கொடுக்க இயலவில்லை.

---

எண்ணூரான்

அனைவருக்கும் நன்றி. கொழும்பு ஐயாவின் பென்சில் வட்டம் நெடுநாள் மறக்காது. ஒரு துணைக் கேள்வி மட்டும். சீனாவும் ரஷ்யாவும் ஈரானுக்கு ஆதரவாக இருக்கும்போது, கடந்த மாதம் ஐ.நா. தடைகள் திரும்பியதை அவர்கள் ஏன் வீட்டோ செய்யவில்லை?

---

தராசுமுள்

அந்த ஏற்பாட்டில் வீட்டோ தலைகீழாக வேலை செய்யும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2015ஆம் ஆண்டு 2231ஆம் தீர்மானப்படி, உடன்பாட்டில் பங்குபெற்ற நாடு ஏதேனும் ஈரான் வாக்குத் தவறியதாக அறிவித்தால், 30 நாட்களுக்குள் தடைவிலக்கு தொடரட்டும் என்று பாதுகாப்பு அவை புதிதாகத் தீர்மானம் நிறைவேற்றியாக வேண்டும். இல்லையென்றால் 2006 முதல் 2010 வரையிலான பழைய தீர்மானங்கள் தாமாகவே உயிர்பெறும். விலக்கைத் தொடரவிடாமல் வீட்டோ உரிமையுள்ள ஒரே ஒரு நாடு வீட்டோ செய்தால் போதும். அதை எதிர்த்து மற்றவர் வீட்டோ செய்ய எதுவுமில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்கா இதைப் பயன்படுத்தப் பார்த்தபோது, விலகிப்போன உனக்கு அந்த உரிமை இல்லை என்று அவையில் பெரும்பாலானோர் கைவிரித்தனர். இம்முறை பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும் ஆகஸ்ட் 28 அன்று அறிவிப்பைக் கொடுத்தன; செப்டம்பர் 27 இரவோடு கெடு முடிந்தது. இது செல்லாது என்று மாஸ்கோவும் பெய்ஜிங்கும் சொல்கின்றன. இந்த மாதம் 18ஆம் தேதி 2231 காலாவதியாக இருந்ததால்தான் ஐரோப்பியர்களுக்கு அந்த அவசரம்.

வடகரை ஐயா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. இந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஓமான் நடுவில் நின்று நடத்திய அமெரிக்க-ஈரான் பேச்சின் ஆறாம் சுற்று ஜூன் 15 அன்று மஸ்கட்டில் நடப்பதாக இருந்தது. இஸ்ரேல் ஜூன் 13 அன்று தாக்கியது. 22 அன்று அமெரிக்காவே ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபகான் மீது குண்டு போட்டது. தாக்குதல் தொடங்கிய அன்று ஈரானிடம் 60 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்ததாக முகமையின் கணக்கு. என் முறக் கணக்கில் அது நாலு மணி பாக்கி நிலையையும் தாண்டியது. அதன் பிறகு, 2025 அக்டோபர் நிலவரப்படி, ஆய்வாளர்கள் அந்தக் கையிருப்பை நேரில் பார்த்துச் சரிபார்க்கவில்லை.